அறிக்கை இருக்கிறது, அனுபவம் எங்கே? தொண்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டு நிறுவனங்களில் எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. மாத அறிக்கை, காலாண்டு அறிக்கை, அப்புறம் நிதி தருபவர் கேட்கும் வெற்றிக் கதை என்று எழுதித் தள்ளுகிறோம். எல்லாமே பணம் கொடுத்தவர் படிப்பதற்கு. அடுத்த வருடம் அதே ஊருக்குப் போகிற களப்பணியாளருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அறிக்கை எழுதியாயிற்று, அனுபவமும் பதிவாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

'500 மரக்கன்றுகள் நடப்பட்டன' என்று அறிக்கை சொல்லும். சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் பாதி கருகியதையும், மீதியை ஆடு மேய்ந்ததையும் சொல்லாது. சொன்னால் அடுத்த தவணை வராதோ என்ற பயம். பயம் நியாயம்தான். அதனால் வெளியே போகாத குறிப்பு ஒன்றைத் தனியாக வையுங்கள். எது நடக்கவில்லை, ஏன், மறுபடி செய்தால் எதை மாற்றுவோம். ஒரு பக்கம் போதும்.

கோப்புகளை நிதி தந்தவர் பெயரில் அடுக்குவது இன்னொரு வழக்கம். ஒரே தையல் பயிற்சியை மூன்று பேர் நிதியில் நடத்தியிருப்போம். பாடத்திட்டம் மூன்று ஃபோல்டரில் கிடக்க, நான்காவதாகப் புதிதாக ஒன்றை எழுதுவோம். ஊர், வேலை, வருடம் என்று பெயர் வைத்தால் தேடுகிறவர் கைக்கு வரும். வாட்ஸ்ஆப் குழுவை நம்புவது இன்னும் மோசம். போன் மாறினால் போச்சு; பயனாளிகளின் ஆதார் நகல் அங்கே சுற்றுவது தனி ஆபத்து.

ஒருவர் வேலையை விடும்போது லேப்டாப், அடையாள அட்டை, வண்டிச் சாவி எல்லாம் எண்ணி வாங்குகிறோம். யார் கூப்பிட்டால் பெண்கள் கூட்டத்துக்கு வருவார்கள், நூறு நாள் வேலை நடக்கும்போது எத்தனை மணிக்குக் கூட்டம் வைக்கலாம் என்று கேட்பதில்லை. கடைசி வாரத்தில் புதியவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வரச் சொல்லுங்கள். நாற்பது பக்க ஒப்படைப்புக் குறிப்பைவிட அது மேல். அலுவலகத்திலும் இதே கதைதான். வெளிநாட்டு நன்கொடைக் கணக்கை எஃப்.சி.-4 படிவத்தில் டிசம்பர் 31க்குள் ஏற்ற வேண்டும்; லாகின் இருப்பதோ, என்றோ விலகிப்போன கணக்காளரின் சொந்த மின்னஞ்சலில்!

மென்பொருள் வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் கணினி வைத்த அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது, கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எந்த மீனவரும் கணினி முன் உட்கார வேண்டியிருக்கவில்லை. நாள் முழுக்க வண்டியில் சுற்றும் களப்பணியாளரிடமும் படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள். இரண்டு நிமிடம் பேசி அனுப்பட்டும், அலுவலகத்தில் ஒருவர் எழுதி வைக்கட்டும்.

சரி, அந்த ஒருவருக்குச் சம்பளம்? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், திட்ட பட்ஜெட் போடும்போதே ஆவணப்பதிவுக்கென்று தனியாக ஒரு தொகை கேட்டுவிடுங்கள்.