செம்புத் தூளும் மைக்ரோவேவும்: பிள்ளைகள் தவறவிடும் இடங்கள்

மைக்ரோவேவில் ஸ்பூன் வைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், புராஜெக்ட்டுக்குச் செம்புத் தூளை வில்லையாக அழுத்தி, உருக்காமல் சூட்டிலேயே துகள்கள் ஒட்டும்படி (சின்டரிங்) அதில் வைக்கச் சொன்னால் தயங்குகிறார்கள். கட்டிச் செம்பு வேறு, தூள் வேறு. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை செம்புக்குள் சுமார் 1.3 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இறங்கும். கட்டியில் பட்டால் திரும்பிவிடும். சில மைக்ரான் தூளில் துகள் முழுக்கச் சூடேறும். ரஸ்டம் ராய், தினேஷ் அகர்வால் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1999-ல் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டினார்கள். அதனால் துகள் அளவு பார்க்காமல் கிடைத்த தூளை வாங்குவதுதான் முதல் தவறு.

அடுத்தது நம்ம ஊருக்கே உரியது. புதுச்சேரி, கடலூர்க் கடற்காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், சரியாக மூடாத டப்பாவில் செம்புத் தூள் பழுப்பேறிவிடும். அந்த ஆக்சைடு மைக்ரோவேவை நன்றாக உறிஞ்சும். சூடு விறுவிறுவென ஏறும், பையன்களும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் வில்லையை விரலால் அழுத்தினால் ஓரம் உதிரும். ஆக்சைடு தோல் இருந்தால் துகள்கள் ஒட்டாது. தூளைக் காற்றுப்புகாமல் வையுங்கள். ஹைட்ரஜன் சிறிதளவு கலந்த நைட்ரஜனில் சூடாக்குங்கள். ஆர்கான் வேண்டாம்; அதில் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்று ஒளிரும் வாயு) சுலபமாகப் பற்றிக்கொள்ளும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வெப்ப அளவீடுதான். ஒரு மாணவர் சாதாரணத் தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் உலோகக் கம்பி) உள்ளே விட்டிருந்தார். மீட்டர் 600 டிகிரி காட்டியது. திறந்தால் வில்லையின் நடுவில் மிளகளவு பளபளப்பான உருண்டை. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும்! உலோகக் கம்பி அலையைக் குலைக்கும், பொறியும் கிளப்பும். தொடாமல், வெளிவரும் கதிரை வைத்து வெப்பம் அளக்கும் பைரோமீட்டர் நல்லது, ஆனால் அதிலும் உமிழ்திறனை (பரப்பு எவ்வளவு கதிர் வீசும் என்ற எண்) சரியாகக் கொடுக்க வேண்டும்: பளபளக்கும் செம்புக்கு ஒன்று, கறுத்த செம்புக்கு வேறு.

சூடேற உதவட்டும் என்று, அலையை உறிஞ்சும் சிலிக்கான் கார்பைடை வில்லையைச் சுற்றி அள்ளி அடுக்காதீர்கள். அலையை அதுவே வாங்கிக்கொண்டால், நீங்கள் செய்வது வெறும் அடுப்புச் சூடுதான்.

வீட்டு ஓவனில் பாதி பவர் வைத்தால் பெரும்பாலானவற்றில் அலை பாதியாகாது; முழு பவரே விட்டுவிட்டு வரும். சின்ன வில்லை அந்த ஏற்ற இறக்கத்தில் விரிசல் விடலாம்.

அப்புறம், பைரோமீட்டருக்காக ஓவனில் ஓட்டை போட்டு அப்படியே ஓட்டாதீர்கள், அலை கசியும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் சார்ஜ் நிற்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைக் கழற்ற வேண்டாம், தம்பி.