பிரஷர் குளிசையும் தைமஸ் கட்டியும்: செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும்

கொக்குவிலில் இருக்கிற என் பெரியம்மா போன மாதம் மூன்று நாளாகப் பிரஷர் குளிசை போடவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. பீட்டா பிளாக்கர் என்ற வகைப் பிரஷர் மருந்தைக் குடித்தால் தைமஸில், அதாவது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற சுரப்பியில், கட்டி வருமென்று யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய கிளினிக் கொப்பியில் இருந்தது அட்டெனலோல், அதுவும் ஒரு பீட்டா பிளாக்கர்தான்.

இப்படி ஒரு செய்தி உங்களுக்கும் வந்தால், முதலில் குளிசையை நிறுத்தாதீர்கள். இந்த மருந்து அட்ரினலினின் வேகத்திலிருந்து இதயத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று விட்டால் அந்த வேகம் முழுதாகத் திரும்பி வரும், இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் டொக்டர் ஒன்றிரண்டு கிழமையில் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவார்.

சரி, இனிக் கொப்பியை எடுத்துப் பெயரைப் பாருங்கள். பிசோப்ரோலோல், கார்வெடிலோல், அட்டெனலோல் என்று இந்தக் குடும்பத்து மருந்துகள் பெரும்பாலும் 'லோல்' என்றுதான் முடியும், குழப்பம் வருவதும் அங்கேதான். செய்தி சொல்வது எந்த மருந்தை, எந்த உயிரில், எந்த ஆண்டில் என்று மூன்றையும் தேடுங்கள். தைமஸ் கட்டிக் கதையின் வேர் புரோனெதலோல் என்ற மருந்து. மருந்தியல் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் ஐசிஐ என்ற பிரித்தானிய நிறுவனத்தில் வேலை செய்த காலத்தில் வந்த ஆரம்பகால பீட்டா பிளாக்கர் அது. சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது தைமஸில் கட்டிகள் வந்ததாக 1963இல் அறிக்கை வந்தது, மருந்தைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த புரொப்ரனலோலை எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் 18 மாதம் வரை கொடுத்துப் பார்த்தும் அந்த மருந்தால் கட்டி வந்ததற்கான அடையாளம் இல்லை. பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசும் கிடைத்தது. அறுபது வருடத்துக்கு முன் கைவிட்ட மருந்தின் குற்றத்தை இன்றைக்கு உங்கள் கையிலிருக்கிற குளிசையின் மேல் போடுவது பெரிய அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் தைமஸைப் பற்றி டொக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைப் பலவீன நோய் உள்ளவர்களில் நூற்றுக்குப் 10 முதல் 15 பேருக்குத் தைமஸில் கட்டி இருக்கும், அந்த நோயின் பலவீனத்தை பீட்டா பிளாக்கர் கூட்டிவிடவும் கூடும். பின்னேரமானால் கண்மடல் தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, சாப்பிடும்போது பாதியிலேயே தாடை களைத்துப்போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். மூச்செடுக்கவோ விழுங்கவோ கஷ்டமென்றால் அந்த நேரமே ஆஸ்பத்திரிதான். தொய்வு (ஆஸ்துமா) இருந்தாலும் சொல்லுங்கள், சில பீட்டா பிளாக்கர்கள் மூச்சுக்குழாயை இறுக்கும்.

பெரியாஸ்பத்திரி கிளினிக் வரிசையில் காலையிலிருந்து நின்று உள்ளே போனதும் கேட்கவந்ததெல்லாம் மறந்துபோகும், அதனால் கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு நேரக் குளிசை தவறினால் அடுத்த நேரம் இரண்டாகப் போடவேண்டாம். பெரியம்மாவைப் போலப் பல நாள் விட்டிருந்தால் தாங்களாகத் திரும்பத் தொடங்காமல் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.