சபைல தெரிஞ்சவங்கன்னு ஜாமீன் கையெழுத்து போடாதீங்க, இன்னும் சில பணத் தப்புகள்

சேலத்துல நம்ம சபைக் குடும்பங்க பண விஷயத்துல பண்ற தப்பு நிறைய இருக்கு, ஆனா வீட்டையே சாய்க்கிறது அடுத்தவங்க கடனுக்குப் போடற ஜாமீன் கையெழுத்துதாங்க. "நம்ம பிரதர்தானே, கர்த்தர் பாத்துக்குவார்"னு பேப்பர்ல என்ன இருக்குன்னுகூட படிக்காம போட்டுடறாங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவுப்படி கடன் வாங்கினவருக்கு என்ன பொறுப்போ அதேதான் ஜாமீன் போட்டவருக்கும், அவர் கட்டலன்னா பேங்க் நேரா உங்கமேலயே கேஸ் போட்டு, கோர்ட் மூலமா உங்க சம்பளத்துல ஒரு பகுதியப் பிடிக்கலாம். இதைச் சொன்னா "அப்ப அன்பு எங்க"ன்னு கேக்குறாங்க. வேதத்தைப் பாருங்க, நீதிமொழிகள் 6ல பிணைப்பட்டவன் தூங்காம போய் அதுல இருந்து தப்பிச்சுக்கணும்னு இருக்கு, 22:27ல கட்ட வழியில்லன்னா படுத்திருக்கற படுக்கையையே எடுத்துக்குவாங்கன்னு இருக்கு. உதவணும்னா, திரும்பி வரலன்னாலும் உங்க வீடு தாங்குற தொகைய கையில குடுத்துடுங்க, அதுதான் அன்பு.

கடன் வாங்கி சபைக் கட்டட நிதிக்குக் குடுக்கறதும் வேணாம். மாசம் நூத்துக்கு அஞ்சு வட்டின்னா 10,000 ரூபாய்க்கு வருஷத்துக்கு வட்டி மட்டும் 6,000, அசல் அப்படியே நிக்கும். ஒருத்தர்கிட்ட இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும்னு 2 கொரிந்தியர் 8:12 தெளிவா சொல்லுது, யாராவது வற்புறுத்துனா இந்த வசனத்தைக் காட்டுங்க.

ஏற்காட்டுல எஸ்டேட் வேலைக்குப் போறவங்களுக்கு கடன் வாங்காம காசைத் திட்டம் போட்டு செலவு பண்றது இன்னும் முக்கியம். காப்பிப் பழம் பறிக்கிற சீசனும் கிறிஸ்துமஸும் ஒண்ணா வருது, கையில காசு புழங்குது, துணிமணி கேக் ஸ்டார்னு டிசம்பர்லயே தீந்துடுது, அப்புறம் ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப நோட்டு யூனிஃபார்ம் வாங்க தண்டல்காரர்கிட்ட போய் நிக்கறாங்க. சீசன் காசுல பசங்க படிப்புக்குன்னு ஒரு பங்கை போஸ்ட் ஆபீஸ்ல போட்டுட்டு பண்டிகைச் செலவை ஆரம்பிங்க.

ஜெபக்கூட்டத்துல வந்து "லட்சம் போட்டா மாசம் பத்தாயிரம்"னு சொல்றவங்க எவ்ளோ நல்லா ஜெபிச்சாலும் நம்பாதீங்க. சீட்டுன்னா 1982 சட்டப்படி பதிவு பண்ணிருக்கான்னு கேளுங்க, பதிவில்லாம டெபாசிட் வாங்கறதை 2019லயே சட்டம் போட்டு தடை பண்ணிட்டாங்க. கேட்டா சந்தேகப்படறீங்களான்னு கோவப்படுவாங்க, படட்டும்.

கடைசியா முதலாளிங்களுக்கு. செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிப் பட்டறை வச்சிருந்தாலும் சரி, வீட்டுல பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வந்தாலும் சரி, அவங்க கூலிய பிடிச்சு வச்சுட்டு அந்தக் காசுல தசமபாகம், அதாவது பத்துல ஒரு பங்கு காணிக்கை, குடுக்காதீங்க. பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுன்னு யாக்கோபு 5:4 சொல்லுது. சனிக்கிழமை கூலிய சனிக்கிழமையே குடுத்துடுங்க, காணிக்கைக் கணக்க அதுக்கப்புறம் பாக்கலாம்.