நீர் மேனோமீட்டரில் சி.வி.பி. பார்க்கும் முறை

டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை மானிட்டரில் காட்டும் கருவி) இல்லாத ஐ.சி.யூ.விலும் சி.வி.பி.யை, அதாவது இதயத்துக்கு அருகே உள்ள பெரிய சிரையின் அழுத்தத்தை, சரியாகப் பார்க்கலாம். ஸ்கேலோடு நீர் மேனோமீட்டர் (நீர் நிற்கும் உயரத்தால் அழுத்தம் காட்டும் குழாய்), த்ரீ-வே (மூன்று பக்க வால்வு), நார்மல் சலைன், ஸ்டாண்டு, ஸ்பிரிட் லெவல் இருந்தால் போதும். தப்பு பெரும்பாலும் ஜீரோவில்தான் நடக்கிறது.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். நான்காவது விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறி போடுங்கள். அடுத்த ஷிப்டில் வருபவருக்கும் அதே குறிதான். ஸ்கேலின் ஜீரோவை ஸ்பிரிட் லெவல் வைத்து அதற்கு நேராக நிறுத்துங்கள். கண்மதிப்பு வேண்டாம்: ஜீரோ 5 செ.மீ. இறங்கினால் அளவு 5 செ.மீ. கூடிவிடும். கட்டிலை ஏற்றி இறக்கினால் மறுபடி லெவல் பாருங்கள். மூச்சுத்திணறல் உள்ளவரை மல்லாக்கப் படுக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, எப்போதும் அதே கோணத்தில் பாருங்கள்.

பெரிய சிரைக்குள் போட்ட குழாயின் டிஸ்டல் லூமனில் (முனையில் திறக்கும் வழியில்) பாருங்கள். அதில் பி.பி.யை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் ஓடக் கூடாது. நிறுத்தினால் பி.பி. விழும், சலைனைத் தள்ளினால் குழாயில் நின்ற மருந்து மொத்தமாக உள்ளே போய் பி.பி. எகிறும்.

த்ரீ-வேயை நோயாளி பக்கம் அடைத்து, மேனோமீட்டரில் சலைனை 20 செ.மீ. வரை ஏற்றுங்கள். குமிழி இருக்கக் கூடாது, மேல்முனை ஃபில்டர் நனையக் கூடாது. பிறகு சலைன் பக்கம் அடைத்து நோயாளி பக்கம் திறங்கள். நீர் இறங்கி, மூச்சோடு லேசாக ஏறி இறங்கும். மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நொடியில் அளவெடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கும் அப்படியே. முடிந்ததும் மேனோமீட்டர் பக்கம் அடைத்து, டிரிப்பை மறுபடி ஓட விடுங்கள்.

நீர் இறங்காவிட்டால் குழாய் மடங்கியிருக்கிறதா, த்ரீ-வே சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் அசையாவிட்டால் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம்; சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சிப் பாருங்கள், ஒருபோதும் அழுத்தித் தள்ளாதீர்கள். நாடித்துடிப்போடு நீர் பெரிதாகத் துள்ளினால் குழாய் முனை இதயத்தின் வலது வென்ட்ரிக்கிளுக்குள் (கீழறைக்குள்) போயிருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இயல்பு அளவு சுமார் 3 முதல் 11 செ.மீ. தண்ணீர். ஒரே ஓர் எண்ணை நம்பி ஃபுளூயிட் ஏற்றுவது ஆபத்து. பீப் (மூச்சு விட்டு முடித்த பிறகும் வென்டிலேட்டர் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) வைத்திருந்தாலே அளவு கூடும். சிறுநீர், பி.பி., நுரையீரல் சத்தம் இவற்றோடு சேர்த்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

கடலூரிலிருந்து நோயாளியைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பும்போது "சி.வி.பி. 12" என்று மட்டும் எழுதாதீர்கள். 12 செ.மீ. தண்ணீர் என்பது சுமார் 9 மி.மீ. பாதரசம்தான். அலகு, படுத்திருந்த கோணம், பீப் அளவு, நேரம் நான்கையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.