குழந்தை தவழத் தொடங்கும் முன்: வீட்டைத் தரைமட்டத்தில் இருந்து சரிபார்ப்பது எப்படி?

என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, சோபாவுக்கு அடியில் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்தேன். பந்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மாத்திரை கிடந்தது. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை. அட்டையைப் பிதுக்கும்போது எப்போதோ தெறித்து ஓடியிருக்கிறது. தினமும் பெருக்கித் துடைக்கிற வீடுதான், ஆனால் நின்றுகொண்டு பார்க்கிற யார் கண்ணிலும் அது படவே படாது. தரையில் மார்பை வைத்து நகர்கிற குழந்தைக்கோ அது நேர் எதிரில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதற்கு முன் ஒரு சுவரில்கூட துளை போட்டுப் பழக்கம் இல்லாதவர்களும் செய்யலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை இன்றைக்கு என்ன செய்கிறது என்று பார்த்து வீட்டை மாற்றினால் நாம் எப்போதும் பின்தங்கித்தான் இருப்போம். குப்புற விழ ஆரம்பித்திருந்தால் தவழப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தவழ்ந்தால் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறது, நின்றால் ஏறப் போகிறது. எப்போதும் ஒரு கட்டம் முன்னால் யோசிக்க வேண்டும்.

முதல் படி: மண்டியிட்டு ஒரு சுற்று

ஒரு டார்ச், ஒரு காலிப் பை, டாய்லெட் பேப்பர் தீர்ந்த பிறகு மிஞ்சுகிற அட்டைக் குழல். இந்த மூன்றும் போதும். வாசல் கதவில் ஆரம்பித்து, சுவரை ஒட்டியபடியே, கையும் முழங்காலும் தரையில் ஊன்றி நகருங்கள். எழுந்து நிற்காதீர்கள், நின்றால் பழைய கண் திரும்பி வந்துவிடும். கட்டிலுக்கு அடி, பீரோவின் இடுக்கு, கால்மிதியின் அடிப்பக்கம், கதவு மூலை எல்லா இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நாணயம், பேனா மூடி, சட்டைப் பட்டன், மணி, பிரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம், உடைந்த பலூன் துண்டு என்று பையில் சேர்ந்துகொண்டே போகும். சந்தேகமாக இருக்கிற பொருளை அட்டைக் குழலுக்குள் போட்டுப் பாருங்கள். குழலின் விட்டம் ஏறக்குறைய 4 செ.மீ. இருக்கும். அதற்குள் நுழைகிற எதையும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள், அது தொண்டையை அடைக்கலாம். காந்தம் இன்னும் மோசம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு துளையே போட்டுவிடும். சாப்பாட்டிலும் உருண்டையாக வழுக்குகிறவற்றைக் கவனியுங்கள். திராட்சையை முழுசாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர்

இதில்தான் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பேன். குழந்தை மூழ்குவதற்குக் கிணறோ குளமோ தேவையில்லை, பக்கெட்டின் அடியில் நாம் கவனிக்காமல் விட்ட 5 செ.மீ. தண்ணீரே போதும். சின்னக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது தலைகீழாகச் சரிந்தால் திரும்ப எழும்பக் கைகளில் பலம் இருக்காது. சத்தமும் வராது. அலறல் கேட்டால் ஓடிப்போய்த் தூக்கலாம் என்று நினைக்கிறோம், மூழ்குகிற குழந்தையால் அலற முடியாது.

அதனால் வீட்டில் ஒரே ஒரு விதி: பயன்படுத்தி முடித்த பக்கெட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீர் பிடித்து வைத்தே ஆக வேண்டும் என்றால் குழந்தையால் திறக்க முடியாத மூடி வேண்டும். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், பெரியவர்களின் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். உள்ளே கீழே இருக்கிற தாழ்ப்பாளைக் கழற்றி மேலே மாற்றுங்கள், இல்லையென்றால் குழந்தை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். போயே ஆக வேண்டும் என்றால் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். அக்காவையோ அண்ணனையோ 'ஒரு நிமிஷம் பார்த்துக்கோ' என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர்களும் குழந்தைகள்தான்.

மூன்றாம் படி: சூடு

60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமான காயத்தை உண்டாக்கும், குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் இன்னும் சீக்கிரம். குழாயில் வருகிற வெந்நீர் 50 டிகிரியைத் தாண்டாதபடி ஹீட்டரையோ குழாயையோ அமைத்துத் தரச் சொல்லி பிளம்பரைக் கேளுங்கள். குளிக்கத் தண்ணீர் கலக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், கடைசியில் முழங்கையை விட்டுப் பார்ப்பது. அடுப்பில் பின்பக்க பர்னரைப் பயன்படுத்துங்கள், பாத்திரத்தின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். மேசை விரிப்பு வேண்டாம். அதன் நுனியைப் பிடித்துத்தான் குழந்தை எழுந்து நிற்கப் பார்க்கும், மேலே இருக்கிற கோப்பை தலையில் கவிழும். போட்டுப் பதினைந்து நிமிடம் ஆன தேநீர்கூடக் குழந்தையின் தோலை வேகவைக்கும்.

சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், இங்க் வேண்டாம். காயத்தோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் அப்படியே மருத்துவரிடம் போங்கள்.

நான்காம் படி: பட்டன் பேட்டரி, மருந்து, பினாயில்

டிவி ரிமோட்டை எடுத்து, பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். ஸ்க்ரூ இல்லாமல் சறுக்கித் திறக்கிறதா? சும்மா கீழே விழுந்தாலே திறந்துகொள்ளும். உள்ளே நாணயம் மாதிரி பளபளப்பாக வட்டமான பேட்டரி இருந்தால் அந்த மூடியை இன்றைக்கே டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கார் சாவி, மினுக்கும் பொம்மை எல்லாவற்றிலும் இது இருக்கும். உணவுக்குழாயில் மாட்டிக்கொண்ட பேட்டரி, அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரத்தைச் செலுத்திச் சுற்றியுள்ள சதையை அரிக்க ஆரம்பிக்கும், 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணாகிவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். அறிகுறி சாதாரண இருமல், எச்சில் ஒழுகல், சாப்பிட மறுப்பது என்று மட்டும் இருக்கலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக அவசரப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே கேளுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மருந்துகளும் கழுவும் திரவங்களும் மேல் அலமாரியில், பூட்டுக்குள். குடிக்கிற பாட்டிலில் ஆசிட், தின்னர், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், பாட்டிலைப் பார்த்தால் குழந்தைக்குத் தண்ணீர்தான். மாத்திரையை 'மிட்டாய்' என்று சொல்லி ஊட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: அலமாரியைச் சுவரோடு பிணைப்பது

குழந்தை ஏற ஆரம்பித்ததும் டிராயர்கள் அதற்குப் படிக்கட்டு. எல்லா டிராயரையும் இழுத்துவிட்டுக் கீழே இருப்பதில் கால் வைத்தால் அலமாரி முன்னால் சாயும். இதைத் தடுக்கிற வேலை அரை மணி நேரம்தான்.

எல் வடிவ இரும்புப் பட்டி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரியின் உச்சியில், இரண்டு ஓரத்திலும், கட்டையான சட்டத்தில் பட்டியின் ஒரு பக்கத்தை ஸ்க்ரூவால் முடுக்குங்கள். பின்பக்க மெல்லிய பலகையில் முடுக்கினால் பலகையே பிய்த்துக்கொண்டு வரும். மறுபக்கத்துத் துளைகளைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளை போடாதீர்கள், உள்ளே வயர் ஓடும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் என்றால் 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்குக்கு 8 மி.மீ. டிரில் பிட், துளை பிளக்கின் நீளத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக. தூசியை நன்றாகத் தட்டி எடுத்துவிட்டு பிளக்கைச் சுவரோடு சமமாக அடித்து இறக்கி, ஸ்க்ரூவை முடுக்குங்கள். அப்புறம் மேல் டிராயரைத் திறந்து உங்கள் கையால் நன்றாகக் கீழே அழுத்திப் பாருங்கள். அலமாரி துளியும் அசையக் கூடாது. கனமான பொருள்கள் கீழ்த் தட்டுக்குப் போகட்டும், பொம்மையை உச்சியில் வைக்காதீர்கள், அதை எடுக்கத்தான் ஏறும். ஸ்டாண்டில் நிற்கிற டிவிக்கும் இதே மாதிரி ஒரு பட்டை வேண்டும்.

ஆறாம் படி: ஜன்னலும் மின்சாரமும்

ஜன்னல், பால்கனிப் பக்கத்தில் இருக்கிற கட்டில், நாற்காலி, பூந்தொட்டி எல்லாவற்றையும் நகர்த்துங்கள். கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தை நழுவிப் போகும். கொசுவலை கொசுவைத்தான் தடுக்கும், சாய்கிற குழந்தையைத் தாங்காது. திரைச்சீலையின் கயிறு வளையமாகத் தொங்கினால் வெட்டிவிடுங்கள், அல்லது உயரத்தில் சுற்றிக் கட்டுங்கள்.

கீழே உள்ள பிளக் பாயிண்டுகளுக்கு மூடி போடுங்கள். அதைவிட முக்கியம், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்வது.

ஏழாம் படி: கையால் பழகிக்கொள்வது

தொண்டையில் அடைத்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் ஒரு பொம்மையை வைத்துச் செய்து பாருங்கள். குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள், அதுவே சிறந்த வழி. இருமவோ அழவோ முடியாமல் போனால்: ஒரு வயதுக்குக் கீழ் என்றால் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையா, மல்லாத்தி மார்பின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்தம். இப்படி மாறி மாறி. ஒரு வயதுக்கு மேல் என்றால் 5 தட்டு, அப்புறம் பின்னால் இருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இன்னொருவர் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடட்டும். நேரில் சொல்லித்தருகிற முதலுதவி வகுப்பு கிடைத்தால் கட்டாயம் போய்வாருங்கள், அழுத்தம் எவ்வளவு என்பது எழுத்தில் வராது.

குழந்தை நிற்க ஆரம்பித்ததும் முதல் படியை மறுபடி செய்யுங்கள், ஏற ஆரம்பித்ததும் இன்னொரு முறை. வீட்டுக்கு யாராவது வந்துபோனாலும் அன்றைக்கே ஒரு சின்னச் சுற்று. விருந்தாளிகளின் கைப்பையில் மாத்திரை, நாணயம், லைட்டர் எல்லாம் இருக்கும், அதை அவர்கள் தரையில்தான் வைப்பார்கள். நாங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் தலை உயரத்தில் நாலு கொக்கி அடித்திருக்கிறோம். வருகிறவர்களிடம் 'பையைக் கொடுங்கள், மாட்டிவிடுகிறேன்' என்று வாங்கி மாட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வோம்.