மகனுக்குத் துணி துவைக்கக் கற்றுக்கொடுத்தது

மகன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அவன் துணி அவன் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். மெஷின் பட்டன்களையெல்லாம் உடனே பிடித்துக்கொண்டான், ஆனால் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் காலர் மட்டும் கறுப்பாகவே வெளியே வந்தது. அது வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து படிவது, மெஷின் சுற்றினால் மட்டும் போகாது. காலரை நனைத்து சோப்புக் கட்டியைத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்த பிறகு உள்ளே போடச் சொன்னேன். சரியாகிவிட்டது.

அடுத்தது பவுடர். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் நுரையைக் குறைத்துவிடும், இவன் நுரை வரவில்லையே என்று அள்ளி அள்ளிக் கொட்டினான், கறுப்பு டி-ஷர்ட் முழுக்க வெள்ளைத் திட்டு. நுரையைப் பார்க்காதே, ஸ்பூனால் அளந்து போடு, டிரம்மில் முக்கால்வாசிக்கு மேல் துணியைத் திணிக்காதே என்றேன். திட்டு நின்றது.

புதுச் சாயத் துணியா? ஈரமான வெள்ளைத் துணியை அதன் ஓரத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும், நிறம் ஒட்டினால் தனியாகத் துவைக்க வேண்டும். ஜீன்ஸை உள்பக்கம் திருப்பி நிழலில் காயப்போடுகிறான். பாக்கெட்டில் டிஷ்யூ காகிதம் இருக்கிறதா என்று மட்டும் இன்னும் நான்தான் பார்க்கிறேன்.