பெரிய எம்மா, சின்ன எம்மா? பைத்தான் கற்பவர்கள் முதல் நாளே செய்து பார்க்க வேண்டியது

செல்லூரில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித் தருகிறேன், பாதிப் பேர் போனில்தான் எழுதுவார்கள். போன வாரம் ஒரு பிள்ளை முதல் வரியிலேயே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டாள். “எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு” என்றாள். பார்த்தால், போன் கீபோர்டு தானாகவே பிரிண்ட் என்பதன் முதல் எழுத்தைப் பெரிய பி ஆக்கி வைத்திருக்கிறது. பைத்தானுக்குப் பெரிய பி வேறு, சின்ன பி வேறு. நம் தமிழில் பெரிய க, சின்ன க என்று கிடையாதே, அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அதனால் முதல் வேலை, கீபோர்டு செட்டிங்கில் ஆட்டோ கேப்பிடலைசேஷனை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, மல்லி என்பதை ஆங்கிலத்தில் எல்லாம் சின்ன எழுத்தாக அடித்து, 800 என்று மதிப்புக் கொடுங்கள். இப்போது அதே பெயரை முதல் எழுத்து மட்டும் பெரிய எம் போட்டுப் பிரிண்ட் செய்யுங்கள். நேம் எரர் வரும், அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லும். வரட்டும், அது நல்லது. அந்தப் பெரிய எம் பெயருக்கே 1200 என்று கொடுத்துப் பாருங்கள், எரரே வராது, சத்தமில்லாமல் இரண்டு மல்லி உருவாகிவிடும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கணக்கு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள், காலையில் விலை ஏறியதும் ஒன்றை மாற்றுவீர்கள், பில் இன்னொன்றை எடுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். எனக்கு எரரை விட இதுதான் பயம்.

ஏன் இப்படி? எழுத்துக்கு உரிய எண்ணைச் சொல்லும் ஓ, ஆர், டி என்ற மூன்றெழுத்து ஃபங்ஷனுக்குள், அதாவது பைத்தானில் உள்ள ஒரு கட்டளைக்குள், பெரிய எம்மை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள், 77 வரும். சின்ன எம்முக்கு 109. கம்ப்யூட்டருக்கு அவை வெவ்வேறு எண்கள், அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் மொழியை உருவாக்குபவர்தான் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். 1957-ல் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழி வந்தபோது, புரோகிராமைத் துளையிட்டு எழுதிய பஞ்ச் கார்டில் பெரிய எழுத்து மட்டும்தான், அதனால் இந்தக் கேள்வியே எழவில்லை. இன்றும் ஃபோர்ட்ரானும் பாஸ்கல் என்ற மொழியும் வித்தியாசம் பார்ப்பதில்லை. சி மொழி பார்க்கும், பைத்தானும் பார்க்கும். பிஹெச்பி மொழியில் வேரியபிள் (மல்லி மாதிரி நாம் மதிப்புக் கொடுப்பது) பெயருக்குப் பார்க்கும், ஃபங்ஷன் பெயருக்குப் பார்க்காது. புதிதாகக் கற்பவரை இப்படிக் குழப்புவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சரி, கடைசியாக ஒன்று. பைத்தான் 3-ல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கொத்து என்று வைத்துப் பாருங்கள். ‘கொ’வைச் சில கீபோர்டுகள் ஒரே ஒகரக் குறியோடு அனுப்பும், சில ‘கெ’ போட்டுத் துணைக்காலைத் தனியாகச் சேர்க்கும். எப்படி அடித்தாலும் பைத்தான் அதை ஒரே பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் எல்லாம் சின்ன எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. அந்தப் பிள்ளையின் நோட்டில் முதல் பக்கத்திலேயே இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.